மூணு எபிசோட் பார்த்தால் போதுமா? சிரிப்பு அனிமேவை ஆரம்பத்திலேயே எடைபோடுவது எப்படி

புது அனிமே ஒன்றை நண்பர் யாராவது பரிந்துரைத்தால், கூடவே ஒரு நிபந்தனையும் வரும்: "மூணு எபிசோட் வரைக்கும் பொறுத்துக்கோ மச்சி, அப்புறம் செமையா இருக்கும்." இதற்கு 'மூணு எபிசோட் விதி' என்றே பெயர். மூன்று பார்த்தும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

சரி, கதையே பெரிதாக இல்லாத, சும்மா சிரிக்க வைக்க வந்த 'மேஜிக்கல் கேர்ள்' காமெடிக்கும் இந்த விதி பொருந்துமா? பொருந்தும். ஆனால் அந்த மூன்று எபிசோடில் நீங்கள் தேட வேண்டியது வேறு.

மேஜிக்கல் கேர்ள் என்றால் என்ன?

சாதாரணப் பள்ளி மாணவி ஒருத்திக்கு மந்திர சக்தி கிடைக்கிறது. பேசும் குட்டி விலங்கு ஒன்று துணைக்கு வருகிறது. ஆபத்து வந்தால் பளபளவென்று உடை மாறி, வாரம் ஒரு அரக்கனை அடித்து விரட்டுவாள். 1992இல் தொடங்கிய 'செய்லர் மூன்' இந்த அச்சை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

வகையின் தொடக்கம் இன்னும் பழையது. 1966இல் ஜப்பானில் வந்த 'சாலி தி விட்ச்' முதல் மேஜிக்கல் கேர்ள் அனிமேவாகக் கருதப்படுகிறது. 'பிவிட்ச்ட்' என்ற அமெரிக்க காமெடி சீரியல் அதற்குத் தூண்டுதல். அதற்கு அடுத்த வருடம் நம்ம ஊரில் 'பட்டணத்தில் பூதம்' வந்தது. அதுவும் 'தி பிராஸ் பாட்டில்' என்ற ஹாலிவுட் படத்தைத் தழுவியதுதான். 'மை டியர் பூதம்' பார்த்து வளர்ந்தவர்களுக்கு மந்திரமும் காமெடியும் சேர்வது ஒன்றும் புதுசு இல்லை.

விதி எந்தத் தொடர்களுக்குச் சரி?

அனிமே பொதுவாக 12 அல்லது 13 எபிசோட் கொண்ட தொகுப்பாக வரும். இந்த விதிக்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் 2011 ஜனவரியில் தொடங்கிய 'மடோகா மேஜிகா'. முதல் இரண்டு எபிசோட் இனிப்பாகப் போகும். மூன்றாவதில் கதை தலைகீழாக மாறும். அங்கே பொறுமைக்குப் பலன் உண்டு, ஏனென்றால் அந்தத் தொடர் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறது.

பெரும்பாலான சிரிப்புத் தொடர்கள் அப்படி எதையும் மறைப்பதில்லை. முதல் எபிசோடில் எந்த மாதிரி ஜோக் வருகிறதோ, பன்னிரண்டாவதிலும் ஏறக்குறைய அதே மாதிரிதான். அப்படியானால் ஒரே எபிசோடில் முடிவெடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல்.

காமெடிக்குப் பழக்கம் வேண்டும்

'வின்னர்' படத்தின் கைப்புள்ளயை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அவர் அடி வாங்கும்போது அது ஒரு ஜோக். அடுத்தடுத்து அவர் கெத்தாகக் கிளம்பும்போதே நமக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆள் யார் என்று தெரிந்துவிட்டதால் அடி விழும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

2019இல் வந்த 'மச்சிகாடோ மசோகு' தொடரும் இதே வழியில் வேலை செய்கிறது. ஆங்கிலப் பெயர் 'தி டீமன் கேர்ள் நெக்ஸ்ட் டோர்'. யூகோ என்ற பெண் ஒரு நாள் காலையில் கொம்பும் வாலுமாக எழுகிறாள். அவள் அரக்கர் வம்சமாம். குடும்பத்துக்கு ஒரு சாபம்: மாதம் 40,000 யென்னில்தான் வாழ வேண்டும். சாபம் தீர ஒரு மேஜிக்கல் கேர்ளைத் தோற்கடிக்க வேண்டும். ஆனால் அந்த மேஜிக்கல் கேர்ள் மோமோவோ லாரியை ஒற்றைக் கையால் நிறுத்துபவள். யூகோவுக்கு உடம்பில் தெம்பே இல்லை. கடைசியில் எதிரியான மோமோவே அவளுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறாள்.

ஒவ்வொரு முறை தோற்றதும் "இதோடு ஜெயித்துவிட்டதாக நினைக்காதே" என்ற பாணியில் கத்திவிட்டு யூகோ ஓடுவாள். முதலில் அது வெறும் வீராப்பு. போகப்போக, மோமோ உதவி செய்த இடத்திலும் வெட்கத்தில் அதையே கத்துகிறாள். வசனம் மாறவில்லை, அர்த்தம் கிட்டத்தட்ட 'தேங்க்ஸ்' ஆகிவிட்டது. வீட்டில் மேசையாகக் கிடக்கும் ஓர் அட்டைப்பெட்டிகூடப் பிறகு முக்கியமாகும். எப்படி என்பதை நீங்களே பாருங்கள்.

எபிசோடுக்கு ஒரு கேள்வி

முதல் எபிசோட்: ஐடியாவுக்கு மட்டும் மார்க் போடாதீர்கள். 2015இல் வந்த 'க்யூட் ஹை எர்த் டிஃபென்ஸ் கிளப் லவ்!' தொடரில் ஐந்து பள்ளிப் பையன்கள் மேஜிக்கல் கேர்ள் பாணியில் உடை மாறுகிறார்கள், விண்வெளியிலிருந்து வந்த பிங்க் வோம்பாட் துணையுடன். ஐடியா கேட்டாலே சிரிப்பு வரும். ஆனால் அந்தப் புதுமை ஒரு எபிசோடுக்குத்தான் தாங்கும். 'இந்த ஆட்களோடு சும்மா உட்கார்ந்து பேசலாமா?' என்று கேளுங்கள்.

இரண்டாவது: ஐடியா பழகிவிட்டது. இப்போதும் சிரிப்பு வருகிறதா?

மூன்றாவது: பழைய ஜோக் திரும்பி வரும்போது ஏதாவது மாறியிருக்கிறதா? அப்படியே காப்பி அடித்திருந்தால், மீதி ஒன்பதும் அப்படித்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

எதற்கு மார்க் குறைக்கக் கூடாது?

உடை மாறும் காட்சி திரும்பத் திரும்ப வருவது சோம்பேறித்தனம் இல்லை. ஒருமுறை வரைந்ததை ஒவ்வொரு வாரமும் பயன்படுத்திச் செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிப்பது இந்த வகையின் பழைய வழக்கம். காமெடித் தொடர்கள் அந்த வழக்கத்தையே கிண்டல் செய்யும்.

புரியாத ஜோக்கும் அப்படித்தான். 'க்யூட் ஹை'யின் முதல் அரக்கன் 'சிகுவாபு', ஜப்பானியக் குழம்பில் போடும் கோதுமை மாவுப் பண்டம். நமக்கு அது ஒட்டாது. மைசூர் போண்டா அரக்கனாக வந்திருந்தால் விளக்கமே தேவைப்பட்டிருக்காது. 'ஜுஜுட்சு கைசென்', 'சோலோ லெவலிங்' போன்ற அதிரடித் தொடர்கள் தமிழ் டப்பிங்கில் எளிதாகப் புரிகின்றன. சிலேடையை நம்பும் காமெடி மொழி மாறும்போது அதிகம் இழக்கும்.

ரேட்டிங்கை நம்பலாமா?

ஒரு கற்பனைக் கணக்கு. 100 பேர் ஒரு தொடரைத் தொடங்குகிறார்கள். 50 பேருக்குப் பிடித்தது, 8 மார்க். 50 பேருக்குப் பிடிக்கவில்லை, 5 மார்க். சராசரி 6.5. மூன்றாவது எபிசோடோடு, பிடிக்காதவர்களில் 40 பேர் விலகுகிறார்கள். மீதி 60 பேரின் சராசரி 7.5. தொடரில் எதுவும் மாறவில்லை, ரேட்டிங் மட்டும் ஒரு மார்க் ஏறிவிட்டது. 'போகப்போக நல்லா இருக்கும்' என்று சொல்பவர் அந்த 60 பேரில் ஒருவர் என்பதை மறக்காதீர்கள்.

எவ்வளவு நேரம் பணயம்?

ஓர் எபிசோட் சுமார் 24 நிமிடம். தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் தலா 90 நொடி. கழித்தால் 21. மூன்று எபிசோடுக்கு 63 நிமிடம், பன்னிரண்டுக்கு 4 மணி 12 நிமிடம். பெங்களூரு பர்ப்பிள் லைன் மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் போய் வருவதற்குள் மூன்று எபிசோட் முடிந்துவிடும்.

அந்த 63 நிமிடத்துக்குப் பிறகு பாத்திரங்களின் பெயர்கள் நினைவில் நின்றால் தொடருங்கள். ஐடியா மட்டும்தான் நினைவில் நிற்கிறது என்றால் நிறுத்திவிடலாம். மிச்சமாகும் 3 மணி 9 நிமிடத்தில் வேறு மூன்று தொடர்களுக்கு இதே பரீட்சை வைத்துவிடலாம்.