முகமாலை: அங்குலம் அங்குலமாக மீட்ட காணி

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் தெற்கே வருகிறவர்கள் கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் கடந்து முகமாலைக்கு வருவார்கள். அதற்கப்பால் பளை. ஒரு காலத்தில் தேங்காய்க்குப் பேர்போன பக்கம் இது. வீதியின் இரு கரையிலும் தென்னந்தோட்டங்கள், நடுநடுவே பனங்கூடல்கள், கிணற்றடியோடு கூடிய வளவுகள். 2009இல் போர் முடிந்து வீதி மீண்டும் திறந்தபோது பயணிகள் கண்டது, ஷெல்லடியில் தலை பறிபோன மரங்களையும் ஓரத்தில் நட்டிருந்த சிவப்புப் பலகைகளையும்தான். மண்டையோட்டுப் படத்தோடு மூன்று மொழியிலும் ஒரே எச்சரிக்கை: மிதிவெடி.

இந்த ஊருக்கு ஏன் இப்படியொரு கதி? விடை அதன் நில அமைப்பில் இருக்கிறது. குடாநாடு இங்கே ஒடுங்குகிறது. ஒருபக்கம் கிளாலிக் கடனீரேரி, மறுபக்கம் நாகர்கோவில் கடற்கரை. வடக்கிலிருந்து தெற்கே போக நினைக்கும் படையும், தெற்கிலிருந்து வடக்கே வர நினைக்கும் படையும் இந்தக் கழுத்தைக் கடந்தே ஆகவேண்டும். 2000 ஏப்ரலில் ஆனையிறவுத் தளம் விடுதலைப் புலிகளிடம் விழுந்தது. சண்டை சாவகச்சேரி வரை போய்த் திரும்பியது. கடைசியில் இரு தரப்பின் முன்னரங்குகளும் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்ற கோட்டில் உறைந்து நின்றன. அடுத்த ஏப்ரலில் இராணுவம் அந்தக் கோட்டை உடைக்க முயன்று பின்வாங்கியது. 2006 ஒக்டோபரிலும் 2008 ஏப்ரலிலும் அதே மண்ணில் மீண்டும் பெருஞ்சண்டை. ஒவ்வொரு முறையும் கோடு கொஞ்சம் நகரும். நகரும்போதெல்லாம் பழைய வெடிகள் கிடக்கப் புதியவை புதைக்கப்படும்.

இராணுவம் புதைத்தவற்றுள் பாகிஸ்தானில் செய்யப்பட்ட பி4, சீனாவில் செய்யப்பட்ட டைப் 72 ஆகிய வகைகள் அதிகம். இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் வெடிகள். புலிகள் தாங்களே செய்த மிதிவெடிக்கு ‘ஜொனி’ என்று பெயர். அதன் ஒரு வகையின் உடல் மரப்பெட்டி. இவற்றில் உள்ள வெடிமருந்து பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. பாதத்தையோ முழங்காலுக்குக் கீழ் உள்ள பகுதியையோ பறிக்கும். காயப்பட்ட ஒருவரைத் தூக்கிச் செல்ல இரண்டு பேர் வேண்டும் என்பது இதற்குப் பின்னாலிருந்த போர்க்கணக்கு. சண்டை ஓய்ந்த பிறகு அந்தக் கணக்கில் சிக்கியவர்கள் விறகு பொறுக்கப் போனவர்களும், மாடு தேடிப் போனவர்களும், பள்ளிக்கூடம் விட்டு ஒற்றையடிப் பாதையால் வீடு திரும்பிய பிள்ளைகளும்தான்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் கண்டி வீதி திறந்தது. இடம்பெயர்ந்திருந்த சனம் காணி பார்க்கப் புறப்பட்டது. அரசாங்கத்தின் அனுமதிக்கோ நிபுணர்களின் வரவுக்கோ காத்திருக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. பத்து, பன்னிரண்டு வருடம் அகதி வாழ்க்கை வாழ்ந்த குடும்பத்திடம் “உள்ளே போகாதே” என்று சொல்வது எளிது. அதைக் கேட்டு வேலிக்கு வெளியே நிற்பது எளிதல்ல.

அந்த நெருக்கடியில்தான் வன்னியில் ஒரு தொழில்முறை உருவானது. உலகக் கண்ணிவெடி அகற்றல் வரலாற்றில் அதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவைச் சேர்ந்த உள்ளூர் இளைஞர்கள் தோட்டத்தில் குப்பை கூட்டும் இரும்புப் பல் வாரியைக் கையிலெடுத்தார்கள். மண்ணை மேலோடு மேலாகக் கிளறி, மெல்ல இழுத்து, வெடி தெரிந்ததும் நிறுத்துவார்கள். உலகெங்கும் வழக்கிலிருந்த முறை வேறு. உலோகம் காட்டும் கருவி ஒலித்தால், அந்த இடத்தை மட்டும் சிறு கருவியால் பக்கவாட்டில் தோண்டிப் பார்ப்பார்கள். அந்த முறையில் பழகியவர்களுக்கு வாரியைக் கொண்டு வெடியைத் தேடுவது நடுக்கத்தைத் தந்திருக்கும்.

ஆனால் உள்ளூர் இளைஞர்களோடு வேலை செய்த நோர்வே மக்கள் உதவி அமைப்பு வாரி முறையைத் தள்ளிவிடவில்லை. கூர்ந்து பார்த்து, சீர்படுத்தியது. கைபிடி நீண்டது. முகக்கவசமும் மார்புக் கவசமும் கட்டாயமாயின. மண்ணை இளக்கப் பாரமான வாரி, இளகிய மண்ணை இழுக்க இலேசான வாரி என இரண்டு வந்தன. எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், எந்தக் கோணம் என்று விதிகள் எழுதப்பட்டன. இந்த முறை வன்னிக்கு ஏன் பொருந்தியது? மண் மணற்பாங்கானது. அதோடு போர் நடந்த இடமெல்லாம் ஷெல் சிதறலும் தோட்டாக் கோதும் நிறைந்திருந்தன. கருவி அடிக்கொரு தரம் ஒலித்தால் எந்த ஒலியை நம்புவது? மரப்பெட்டி வெடியிலோ உலோகம் மிகக் குறைவு. மண்ணையே முழுக்கக் கிளறிவிடுகிறபோது அந்த ஐயத்துக்கே இடமில்லை. வறிய நாட்டின் உழைப்பாளிகள் தங்கள் கையில் இருந்ததை வைத்துக் கண்ட வழி, கருவி சொல்லாத உண்மையைச் சொன்னது.

அதே காலத்தில் பிரித்தானியாவின் ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்களும், இந்திய இராணுவப் பொறியியல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் நடத்திய ஹொரைசன், சர்வத்ரா ஆகிய அமைப்புகளும் வந்து சேர்ந்தன. யுனிசெப் துணையோடு பள்ளிக்கூடங்களிலும் கோயில் முன்றல்களிலும் மிதிவெடி விழிப்புணர்வு நடந்தது. படங்களும் தெருநாடகமும் வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: தெரியாத பொருளைத் தொடாதே, வந்த தடத்திலேயே திரும்பு, பெரியவர்களிடம் சொல். பலர் உயிரைக் காத்த பாடம் அது. ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. பழைய இரும்பு விற்றால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும் என்ற வீட்டில், ஆபத்து என்று தெரிந்தே ஷெல் கோதைப் பொறுக்கப் போனார்கள். 2009க்குப் பிறகும் வன்னியில் அப்படி வெடிவிபத்துகள் நடந்தன. விழிப்புணர்வுப் பலகையோடு ஒரு வேலையும் கொடுத்திருந்தால் அவற்றில் பல நடந்திரா.

போர்நிறுத்தம் முறிய, 2006 ஓகஸ்டில் கண்டி வீதியில் இருந்த முகமாலைச் சோதனைச்சாவடி மூடப்பட்டது. அதுவரை துப்புரவாக்கிய நிலத்திலும் புதிய காவலரண்கள் எழுந்தன.

2009 மேயில் போர் முடிந்தபோது மூன்று இலட்சத்துக்கு நெருங்கிய மக்கள் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் இருந்தார்கள். யார் எப்போது வீடு திரும்புவது என்பதை வெடி அகற்றும் வேகமே பெரிதும் முடிவு செய்தது. 2012 செப்டம்பரில் மெனிக் பாம் மூடப்பட்ட பிறகும் முகமாலைக்காரர் பலருக்குத் தங்கள் காணி எட்டாத தூரத்திலேயே இருந்தது. இந்தக் காலத்தில்தான் வேலைக்களத்தின் முகம் மாறியது. கணவனை இழந்த பெண்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார், குடும்பத்தைத் தனியே சுமந்தவர்கள் பெருமளவில் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். விடிந்ததும் வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறினால் கவசத்துக்குள் உடல் வெந்துவிடும். ஆளுக்கொரு ஒழுங்கை. சிவப்புக் கோலுக்கு அப்பால் ஆபத்து, வெள்ளைக் கோலுக்கு இப்பால் துப்புரவான நிலம். புல்லை வெட்டி, கருவி பிடித்து, குனிந்து அல்லது முழங்காலில் இருந்து மண்ணை இழுத்து, அடுத்த அடிக்கு நகர வேண்டும். மாதச் சம்பளம் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். துணிச்சல் என்று இதைப் பாராட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது. வேறு வேலை இல்லாத ஊரில் இந்த வேலையை ஏற்ற பெண்களுக்கு, நிலம் துப்புரவான பிறகு என்ன தொழில் என்ற கேள்விக்கும் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

முகமாலையில் வெடிகள் மாறிமாறிப் புதைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்துக்குச் சற்று முன்னரே, உலகம் அந்த ஆயுதத்தைத் தடை செய்திருந்தது. கம்போடியா, ஆப்கானிஸ்தான், அங்கோலா, மொசாம்பிக் என்று காயப்பட்டவர்களைக் கண்முன்னே கண்ட மருத்துவ, மனித உரிமை அமைப்புகள் உட்பட ஆறு அமைப்புகள், 1992 ஒக்டோபரில் கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தைத் தொடங்கின. ஜோடி வில்லியம்ஸ் அதை ஒருங்கிணைத்தார். 1997 ஜனவரியில் இளவரசி டயானா அங்கோலாவின் ஹுவாம்போவில் கவசம் அணிந்து வெடிநிலத்தின் நடுவே நடந்த படம் உலகம் முழுக்கப் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் 122 நாடுகள் ஒட்டாவாவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஒஸ்லோவில் இயக்கத்தின் சார்பில் பரிசைப் பெற்றுக்கொண்டவர்களில் ஒருவர், மிதிவெடியில் இரு காலையும் இழந்த கம்போடியர் துன் சன்னரெத். காயப்பட்டவரே முன்வரிசைக்கு வந்து பேசிய இயக்கம் என்பதுதான் அதன் பலம்.

இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேர 2017 டிசம்பர் வரை ஆனது. இந்தியா, பாகிஸ்தான், சீனா, அமெரிக்கா, ரஷ்யா ஆகியவை இன்னும் வெளியேதான் நிற்கின்றன.

வெடியை அகற்றினாலும் அது பறித்த கால் திரும்பாது. இந்த இடத்தில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ரப்பர் பாதம்தான் ஜெய்ப்பூர் கால். மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்காகச் செய்யப்பட்டது. ஜெய்ப்பூர் கால் வைத்தவர் வெறுங்காலோடு நடக்கலாம், நிலத்தில் குந்தலாம், வயல் சேற்றில் இறங்கலாம். போர்க்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் உருவாகி அந்தக் கால்களைச் செய்து கொடுத்தது. ஆனால் செயற்கைக் கால் ஒருமுறை வாங்கி முடிகிற பொருள் அல்ல. சில வருடத்தில் தேயும், மாற்ற வேண்டும். வளரும் பிள்ளைக்கு இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். எட்டு வயதில் காலை இழந்த சிறுமிக்கு வாழ்நாள் முழுதும் ஒரு பட்டறையும் ஒரு கைவினைஞரும் தேவை. போர் முடிந்து பதினைந்து வருடம் கடந்தபின் அந்தச் செலவை நினைவு வைத்திருப்பவர்கள் குறைந்துவருகிறார்கள்.

மொசாம்பிக் 2015இல் கண்ணிவெடி அற்ற நாடாக அறிவித்துக்கொண்டது. இலங்கையில் மட்டக்களப்பு 2017இல் அந்த நிலையை எட்டியது. வடக்கில் வேலை மிச்சம் இருக்கிறது. ஒப்பந்தப்படி வெடிகளை அகற்றி முடிக்க இலங்கைக்கு உள்ள கெடு 2028 ஜூன் 1. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் வெடி அகற்றும் வேலை தடைபட்டது. அதே ஆண்டில் போலந்து, பின்லாந்து, எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா ஆகியவை ரஷ்ய அச்சத்தைக் காரணம் காட்டி ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. இந்த முடிவு பிழையானது. 2023இல் மட்டும் கண்ணிவெடிகளாலும் போர் எச்ச வெடிபொருள்களாலும் உலகில் குறைந்தது 5,757 பேர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அவர்களில் 84 சதவீதத்தினர் பொதுமக்கள்.

புலம்பெயர்ந்த தமிழர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கோயில் கோபுரங்கள் எழுகின்றன. பள்ளிக்கூடக் கட்டிடங்கள் எழுகின்றன. அதே கைகள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் செயற்கைக் கால் செய்யும் பட்டறைகளுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். முகமாலையில் வாரி பிடித்த பெண்களுக்கு அடுத்த தொழில் ஒன்றை அமைத்துக் கொடுக்க வேண்டும். தாங்கள் குடியேறிய நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம், 2028 வரை வடக்கில் வெடி அகற்றும் வேலைக்கான நிதியை வெட்டாதீர்கள் என்று கேட்க வேண்டும்.