சௌராட்டிர மொழி, தமிழ் மொழி ஒப்பீடு

சௌராட்டிர மொழி, தமிழ் ஆகிய இரண்டும் காஞ்சிபுரம் உள்ளிட்ட தமிழக நெசவு ஊர்களில் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படும் மொழிகள் ஆகும். தமிழ் திராவிட மொழிக் குடும்பத்தையும், சௌராட்டிரம் இந்திய-ஐரோப்பியக் குடும்பத்தின் இந்திய-ஆரியக் கிளையையும் சேர்ந்தவை. பிறப்பால் தொடர்பற்ற இவ்விரு மொழிகளும் சில நூற்றாண்டுகளாக ஒரே ஊரில் வழங்கியதால், தொடரமைப்பில் நெருங்கியும் அடிப்படைச் சொற்களில் விலகியும் காணப்படுகின்றன.

பேசுவோர்

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6.9 கோடிப் பேர். சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 2.47 லட்சம் பேர். இவர்கள் மதுரை, பரமக்குடி, திண்டுக்கல், கும்பகோணம், சேலம், காஞ்சிபுரம் முதலிய ஊர்களில் வாழ்கின்றனர். தமிழ் இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ளது. 2004 இல் செம்மொழியாக அறிவிக்கப்பட்டது. சௌராட்டிரம் அவ்வட்டவணையில் இல்லை. கணக்கெடுப்பில் அது குஜராத்தியின் கீழ் அடங்கும் தாய்மொழிகளுள் ஒன்றாகவே தொகுக்கப்படுகிறது.

வரலாறு

சௌராட்டிரர் இன்றைய குஜராத் பகுதியிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தவர்கள் என்பது அச்சமூகத்தின் மரபு. லாட தேசத்திலிருந்து தசபுரத்திற்குக் குடியேறிய பட்டு நெசவாளர் குழுவொன்று சூரியன் கோயில் கட்டியதையும், அது கி.பி. 473 இல் புதுப்பிக்கப்பட்டதையும் மத்தியப் பிரதேசத்தின் மந்தசோர் கல்வெட்டு கூறுகிறது. அக்குழுவினரைத் தம் முன்னோர் எனச் சௌராட்டிரர் பலர் கருதுகின்றனர். விசயநகர ஆட்சிப் பகுதிகளின் வழியே வந்ததால் இம்மொழியில் தெலுங்கு, கன்னடச் சொற்களும் கலந்துள்ளன.

காஞ்சிபுரத்தில் பல மொழிகள்

இரு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் அருகருகே வழங்குவது காஞ்சிபுரத்திற்குப் புதிதன்று. பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மனின் காசாக்குடிச் செப்பேடுகள் ஒரு பகுதி வடமொழியிலும் மற்றொரு பகுதி தமிழிலும் அமைந்தவை. அங்கு மன்னர் புகழுக்கு ஒரு மொழி, நிலத்தின் எல்லைகளைக் குறிக்க ஒரு மொழி என ஆவணத்திற்குள்ளேயே பணி பிரிந்திருந்தது.

நெசவாளரிடையே இப்பிரிவு வீட்டிற்கும் வெளிக்கும் இடையே அமைந்துள்ளது. காஞ்சிபுரத்தில் தமிழ் பேசும் செங்குந்தர், தெலுங்கு பேசும் பத்மசாலியர், கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர், சௌராட்டிரர் ஆகியோர் பட்டு நெசவில் ஈடுபட்டு வந்துள்ளனர். சௌராட்டிரர் வீட்டில் தம் மொழியையும், கடைத்தெருவிலும் பள்ளியிலும் தமிழையும் பயன்படுத்துகின்றனர். தறி, பாவு, ஊடை, கோர்வை, முந்தி என்பன இத்தொழிலின் தமிழ்ச் சொற்கள்.

சொற்கள்

எண்ணுப் பெயர்களும் மூவிடப் பெயர்களும் பிற மொழியிலிருந்து எளிதில் கடன் பெறப்படுவதில்லை. ஆகவே ஒரு மொழியின் குடும்பத்தை அறிய அவை பெரிதும் உதவுகின்றன.

தமிழ் – சௌராட்டிரம்
நான் – மீ
நீ – தூ
மூன்று – தீன்
நான்கு – சார்
ஐந்து – பாஞ்ச்
ஏழு – சாத்
எட்டு – ஆட்

சௌராட்டிரச் சொற்கள் தமிழுடன் ஒத்துவரவில்லை. வட இந்திய மொழிகளுடன் ஒத்துள்ளன. 'மீ', 'தீன்' ஆகியவை மராத்தியிலும் அவ்வாறே வழங்குகின்றன. குஜராத்தியில் 'நான்' என்பது 'ஹும்' என்றும் 'மூன்று' என்பது 'த்ரண்' என்றும் வரும். ஆகவே இம்மொழியைக் குஜராத்தியின் வட்டார வழக்கு என மட்டும் கூறுவது பொருந்தாது.

தொடரமைப்பு

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை இரு மொழிகளுக்கும் பொது. இந்திய-ஆரிய மொழிகள் பலவற்றிலும் இவ்வரிசை உள்ளதால், இதனைத் தமிழின் தாக்கம் எனக் கொள்ள இயலாது. தாக்கம் வேறு இடங்களில் தெரிகிறது. 'நேற்று வந்த பையன்' என்று தமிழ் பெயரெச்சத்தால் கூறுவதை, இந்தி முதலிய மொழிகள் 'எந்தப் பையன் நேற்று வந்தானோ, அந்தப் பையன்' என்பது போன்ற இரட்டைத் தொடரால் கூறுவது வழக்கம். சௌராட்டிரம் இங்குத் தமிழின் போக்கைப் பின்பற்றிப் பெயரெச்ச அமைப்பைப் பயன்படுத்துகிறது. மொழியியலாளர் பி. பி. பண்டிட் 1972 இல் வெளியான கட்டுரையொன்றில் தமிழ், சௌராட்டிர இலக்கணங்கள் நெருங்கி வருவதை ஆராய்ந்தார்.

இதற்கு இணையான நிலை மகாராட்டிர மாநிலத்தின் குப்வார் சிற்றூரில் கண்டறியப்பட்டது. அங்கு மராத்தி, உருது, கன்னடம் ஆகியவை இலக்கணத்தில் நெருங்கிய போதிலும் சொற்களால் தனித்து நிற்பதை 1971 இல் கம்பர்சு, வில்சன் ஆகியோர் விளக்கினர்.

ஒலியும் எழுத்தும்

தமிழ் எழுத்தில் 'க' என்னும் ஒரே எழுத்து இடத்திற்கேற்ப வெவ்வேறு ஒலிகளைப் பெறும். சௌராட்டிரத்தில் வல்லொலி, மெல்லிய அதிர்வொலி, மூச்சொலி ஆகியவை பொருளை வேறுபடுத்துவதால் தனி எழுத்துகள் தேவைப்படுகின்றன. தமிழின் 'ழ' அதில் இல்லை.

சௌராட்டிரத்திற்குத் தனி எழுத்துமுறை உண்டு. மதுரையைச் சேர்ந்த தொ. மு. ராமராய் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைச் சீர்படுத்தி அச்சேற்றினார். வடமொழியைப் போலன்றித் தமிழைப் போலவே எ-ஏ, ஒ-ஓ என்னும் குறில் நெடில் வேறுபாடு இவ்வெழுத்தில் உள்ளது. ம, ந, ர, ல ஆகியவற்றின் மூச்சொலி வடிவங்களுக்கு 'ஹாரு' என்னும் தனிக்குறி உண்டு. 2008 இல் இவ்வெழுத்து ஒருங்குறியில் சேர்க்கப்பட்டது.

எனினும் இம்மொழி தெலுங்கு, தேவநாகரி, தமிழ் எழுத்துகளிலும் எழுதப்பட்டு வந்துள்ளது. தமிழ் எழுத்தில் எழுதும்போது க, க², க³, க⁴ என எண்களை மேலே இட்டு ஒலிகளை வேறுபடுத்துகின்றனர்.

இலக்கியமும் இன்றைய நிலையும்

தமிழ் இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி உடையது. சௌராட்டிரத்தில் பக்திப் பாடல்கள் சிறப்பிடம் பெறுகின்றன. மதுரையில் வாழ்ந்த நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) இரு மொழிகளிலும் பாடல்கள் இயற்றினார்.

சௌராட்டிரர் பெரும்பாலும் தமிழ் வழியாகவே எழுத்தறிவு பெறுகின்றனர். ஆதலால் தாய்மொழியைப் பேசத் தெரிந்தும் அதன் எழுத்தைப் படிக்க இயலாதோர் பலர். பள்ளியும் அலுவலகமும் தாங்கிநிற்கும் மொழிக்கும் வீடு மட்டுமே தாங்கிநிற்கும் மொழிக்கும் உள்ள இவ்வேறுபாடே இவ்விரண்டிற்கும் இடையிலான பெரிய இடைவெளியாகும். நெசவை விட்டு வேறு தொழிலுக்கும் வேறு ஊர்களுக்கும் குடும்பங்கள் செல்லும்போது, அம்மொழி அடுத்த தலைமுறையைச் சென்றடைவது வீட்டுப் பேச்சையே சார்ந்துள்ளது.