மணல் எங்கே போயிற்று?

கடற்கரையிலே பிறந்து, கடற்கரையிலே வளர்ந்து, மணலில் விளையாட வழியற்று நிற்கும் சிறுவர்கள் உண்டா? உண்டு, தோழர்களே! இராயபுரத்திலே உண்டு, திருவொற்றியூரிலே உண்டு. கடல் இருக்கிறது, அலை இருக்கிறது, மணலைத்தான் காணோம். கருங்கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். அவற்றின்மீது அலை மோதித் தெறிக்கிறது. சில கல் தொலைவு தெற்கே போனால் மெரினா. அங்கோ மணற்பரப்பு பாய்போல் விரிந்து கிடக்கிறது. மாநாடு நடத்தலாம், மல்யுத்தம் நடத்தலாம். ஒரே கடல், ஒரே காற்று. அங்கே அத்துணை மணல். இங்கே ஒரு பிடியும் இல்லை. ஏன்?

முதியோரைக் கேட்டால், “கடலம்மா எடுத்துக்கொண்டாள்” என்பர். வேறு சிலர் விதி என்பர். பாடநூலைப் புரட்டினாலோ ‘கடலரிப்பு’ என்று ஒரு சொல் இருக்கும். எந்தக் கரையில், எந்த ஆண்டில், எவர் எதைக் கட்டியதால் என்ற பேச்சு அதில் இராது. விதி என்றவரும் விளக்கவில்லை. விளக்க வந்த நூலும் விளக்கவில்லை. இக்கேள்வியை மாணவரே கையில் எடுத்து, அளந்து, குறித்து, பலர் முன் நின்று விடைகூறத் தக்க இடம் ஒன்று உண்டு. அதுதான் பள்ளி அறிவியல் கண்காட்சி. அது பிறந்த கதையையும், இடையிலே திசைமாறிய கதையையும் அறிந்தால்தான், நம் வடசென்னைப் பிள்ளைகள் அதில் எங்கே நிற்கிறார்கள் என்பது விளங்கும்.

1928ஆம் ஆண்டு, நியூயார்க் நகரத்து ‘அமெரிக்கன் இன்ஸ்டிடியூட்’ என்னும் அமைப்பு, அந்நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலே சிறுவர்க்கென ஒரு கண்காட்சி நடத்திற்று. அதற்குமுன் அவ்வமைப்பு நடத்திவந்தவை பெரியோரின் தொழில், வேளாண்மைக் கண்காட்சிகள். பையன்கள் வேடிக்கை பார்க்க வந்த இடத்தில், பையன்களே பொருள்வைத்து விளக்கம் கூற நின்றது புதுமை. பின்னர், பத்திரிகை முதலாளி ஸ்கிரிப்ஸ் என்பாரின் பொருளுதவியால் 1921இல் தோன்றிய ‘சயன்ஸ் சர்வீஸ்’ என்னும் நிறுவனம், 1941இல் அந்நாட்டு மாணவர் அறிவியல் மன்றங்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. 1950இல் பிலடெல்பியாவில் முதல் தேசியக் கண்காட்சி நடைபெற்றது; இறுதிச் சுற்றுக்கு வந்தவர் 30 பேர். ஏழாண்டு கழித்து ருஷ்ய நாட்டு ஸ்புட்னிக் வானிலே வட்டமிட்டது. அமெரிக்கா பதறிற்று, பள்ளி அறிவியலுக்குப் பணத்தைக் கொட்டிற்று. கொட்டிய பணத்தால் நன்மை விளைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கேள்விக்கு இருந்த இடத்தைக் கோப்பை பிடித்துக்கொண்டது. தந்தை பொறியாளராக இருந்தால் மகன் பொறி கொணர்வான். தந்தை மூட்டை சுமந்தால் மகன் வேடிக்கை பார்ப்பான். இந்தப் பிணி அமெரிக்காவோடு நிற்கவில்லை.

நம் நாட்டிலே தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 1971 முதல் குழந்தைகளுக்கான தேசிய அறிவியல் கண்காட்சியை ஆண்டுதோறும் நடத்தலாயிற்று. 1988இல் அதற்கு நேருவின் பெயர் சூட்டப்பட்டது. அதன் கிளைகளாய் மாவட்டந்தோறும் கண்காட்சிகள் எழுந்தன. எழுந்தது நன்று. ஆனால் நம் பள்ளிகளின் மேசைகளிலே நாம் கண்டதென்ன? தெர்மாக்கோலில் எரிமலை, உள்ளே சமையல் சோடாவும் வினிகரும். தமிழ்நாட்டிலே எரிமலை எங்கே எரிகிறது என்று எவரும் கேட்பதில்லை. கடையிலே ஆயத்தமாக விற்கும் மாதிரியை வாங்கி, பெயர்ச்சீட்டு ஒட்டி, மனப்பாடம் செய்த நான்கு வரியை ஒப்புவிப்பார்கள். ஒப்புவித்தல் அறிவியலாகிவிடுமா? திருவிழாவில் தேர் வருவது போல ஆண்டுக்கொருமுறை மாதிரி வருகிறது. வேடிக்கை முடிந்ததும் பரணுக்குப் போகிறது.

இதற்கு மாற்று தேடியவர்களும் இருந்தார்கள். குவாலியர் அறிவியல் மையத்தார் தொடங்கிய ஒரு முயற்சியை, மத்திய அரசின் அறிவியல் பரப்பு அமைப்பு 1993இல் நாடு முழுமைக்கும் எடுத்துச் சென்றது. அதுவே தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. தமிழகத்திலே அதைப் பரப்பிய பணி தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினுடையது. விதிகளைப் பாருங்கள்: வயது 10 முதல் 17 வரை. சிறு குழுவாகச் சேரவேண்டும். தம் ஊரிலுள்ள சிக்கல் ஒன்றையே எடுக்கவேண்டும். சில திங்கள் நேரில் ஆராயவேண்டும். அன்றாடம் கண்டதை நாட்குறிப்பில் எழுதவேண்டும். தம் தாய்மொழியிலேயே எடுத்துரைக்கலாம். அம்மட்டோ! பள்ளியை விட்டுப்போன பிள்ளைகளும் சேரலாம் என்றொரு விதி. நம் கருத்திலே அதுதான் தலையாய விதி. காசிமேட்டிலே பன்னிரண்டு வயதில் புத்தகத்தை வைத்துவிட்டு வலையை எடுத்த பையனுக்கு, அவனறிந்த கடலைப்பற்றிப் பேச ஒரு மேடை கிடைத்ததல்லவா?

அக்கடலைப்பற்றி அவன் அறிந்ததை அறிய, நூற்றைம்பது ஆண்டு பின்னே செல்லவேண்டும்.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகமில்லை. கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரமிட்டு நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் அலைகடந்து கரைசேர்க்கும். அதைச் செலுத்தியவர் நம் மீனவர். 1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலமொன்று எழுந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றில் பெரும்பகுதியைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள். கட்டிய சுவரைச் சுற்றி மணல் சேர்ந்து வந்தது. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே பார்த்திருந்த வாயிலை அடைத்து, வடகிழக்கிலே புதுவாயில் அமைக்க வேண்டியதாயிற்று.

என்ன நேர்ந்தது? ஆண்டின் பெரும்பகுதி, அலைகள் தெற்கிலிருந்து சாய்ந்து வந்து நம் கரையைத் தொடுகின்றன. தொடும்போதெல்லாம் மணலைச் சிறிது வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சில திங்கள் தெற்கே தள்ளும்; ஆயினும் கணக்கை நேர்செய்தால் வடக்கே போவதே மிகுதி. கரையோரம் ஓயாமல் ஓடும் ஒரு மணல் ஆறு என்றே இதைச் சொல்லலாம். அந்த ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணைதான் துறைமுகச் சுவர். அணைக்குத் தெற்கே மணல் தேங்கிற்று. கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் உலாச்சாலை அமைத்த மெரினா, ஆண்டுக்காண்டு அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் தவறாமல் வந்தது. இருந்ததை எடுத்தது. 1876க்கும் 1975க்கும் இடையே வடசென்னைக் கரை ஏறத்தாழ 500 மீட்டர் உள்வாங்கியதாக ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்நூறு மீட்டர் என்பது வெறும் மணலா? தெருக்கள், தென்னைகள், வலை உலர்த்திய வெளிகள், குடிசைகள்! தெற்கே மாளிகைவாசிகள் காற்று வாங்க மணல் சேர்ந்தது. வடக்கே உழைப்போர் வீடு கரைந்தது. எவரும் சூழ்ச்சி செய்து இதை நடத்தினர் என்று நாம் கூறவில்லை. ஆனால் நட்டத்தை எவர் கணக்கிலும் எழுதாமல் விட்டது தற்செயல் என்றும் கூறமாட்டோம்.

இவ்வரலாற்றை ஒரு பள்ளி ஆய்வாக்க முடியுமா என்று நாம் மாணவரிடையே கேட்டோம். ஐவர் முன்வந்தனர், அவருள் ஒருவன் பள்ளியை விட்டுப் படகேறியவன். “கடலரிப்பு” என்று தலைப்பிட எண்ணினார்கள். அது கடலளவு பெரிது. அளக்கத்தக்க கேள்வியாகச் சுருக்கவே இரண்டு வாரம் பிடித்தது. முடிவில், “ஒரு தூண்டில் வளைவின் தென்புறமும் வடபுறமும் மணல் ஒரே அளவில் இருக்கிறதா?” என்று நின்றது. இப்பகுதிக் கரையைக் காக்க இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கட்டப்பட்ட கல் நீட்சிகளைத்தான் நம் மக்கள் தூண்டில் வளைவு என்கின்றனர். பெரிய துறைமுகச் சுவரின் சிறு பதிப்புகள் அவை.

முதலில் தட்டு. பட்டறையிலே வேலைசெய்யும் ஒரு தந்தை பழந்தகரத்தில் நாலடி நீளத்திற்குச் செய்து தந்தார். ஒரு பக்கம் சரிவாக மணல், மறுபக்கம் நீர், ஓரத்தில் சாய்வாக அசைக்க ஒரு பலகை. செங்கல் வைக்காமல் இருநூறு முறை அசைத்துக் கரையின் கோட்டை வரைந்தார்கள். செங்கல்லைக் குறுக்கே வைத்து மீண்டும் இருநூறு முறை. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. தட்டின் எதிர்ச்சுவரில் மோதிய அலை திரும்பி வந்து எல்லாவற்றையும் கலைத்தது. படகுக்காரப் பையன்தான் தேங்காய்நாரைக் கொணர்ந்து அச்சுவரோரம் அடைத்தான். அலை அடங்கிற்று. அடுத்த முறை, செங்கல்லின் ஒருபுறம் மணல் முன்னேறியது, மறுபுறம் குழிந்தது. அறையிலிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

பிறகு கரை. முடிச்சிட்ட கயிறு ஒன்று, கற்சுவரிலே வண்ணத்தால் இட்ட ஆறு குறிகள். சனிக்கிழமைதோறும், கடல் வற்றம் கொண்டிருக்கும் நேரத்தில், சுவரிலிருந்து நீர்விளிம்பு வரை அளவு. பாறைகள் வழுக்குமாதலால் பெரியவர் ஒருவர் இன்றி எவரும் இறங்கக்கூடாதென்பது கட்டளை. ஆடி, ஆவணி, புரட்டாசி முழுதும் தென்புறத்தில் மணல் மிகுந்தும் வடபுறத்தில் குறைந்துமிருந்தது. ஐப்பசி முடிவில் எண்கள் எதிர்த்திசையில் நகரத் தொடங்கின. குழுவிலே பெரும் பூசல்! “நம் முடிவு கெட்டுவிடும், அந்த இரண்டு வாரத்தை விட்டுவிடலாம்” என்றான் ஒருவன். “கண்டதை எழுதாவிட்டால் நாட்குறிப்பு எதற்கு?” என்றாள் குழுத் தலைவி. நாம் தலையிடவில்லை.

தீர்ப்புச் சொன்னவர் ஒரு கிழவர், படகுக்காரப் பையனின் தாத்தா. வடக்கே ஓடும் நீரோட்டத்திற்குத் தெண்டி என்றும், தெற்கே ஓடுவதற்கு வன்னி என்றும் நம் கடலோடிகள் பெயரிட்டிருக்கிறார்கள். “தெண்டி முடிஞ்சு வன்னி வந்திருச்சு, மண்ணு திரும்பாம என்ன செய்யும்?” என்றார் அவர். பொறியாளர்கள் வரைபடம் தீட்டி அறிந்ததை, அவர் தோளிலே துடுப்பு உணர்த்த அறிந்திருந்தார். இரண்டு வாரத்து எண்களும் அறிக்கையில் நின்றன. அவற்றின் அருகே கிழவரின் இரு சொற்களும் ஏறின. அவ்வறிக்கையில் நமக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

ஒரு கண்காட்சியிலே அத்தட்டை வைத்தபோது, பரிசு பக்கத்து மேசைக்குப் போயிற்று. பொத்தானை அழுத்தினால் விளக்கெரியும் ஏவுகணை அது. நம் மேசைமுன் நின்ற மீன் விற்கும் தாய்மார் சிலர், தட்டைப் பார்த்துவிட்டு, தம் பழைய வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று செங்கல்லுக்கு வடக்கே விரலால் காட்டினார்கள்.

தெருவிலிருந்து எழும் கேள்வி தெருவோடு நின்றுவிடும் என்று எண்ணுவோர்க்கு ஒன்று கூறுவோம். திருவண்ணாமலையில் வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி, துணி தேய்ப்பவர் அடுப்புக்கரியைக் கொட்டிவிட்டுப் போவதைக் கண்டு, கரியின்றிச் சூரிய ஒளியால் இயங்கும் தேய்ப்பு வண்டியை வகுத்தார். 2021இல் கிளாஸ்கோ நகரத்து உலகக் காலநிலை மாநாட்டிலே பேசினார். தோல்வியும் பாதையை அடைப்பதில்லை. 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவியர் பங்குகொண்ட ‘ஆசாதிசாட்’ என்னும் சிறு செயற்கைக்கோள், 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்து, உரிய சுற்றுப்பாதை எய்தாமல் அழிந்தது. மதுரையை அடுத்த திருமங்கலத்து அரசுப் பள்ளி மாணவியரும் அதில் உழைத்தவர்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அதன் இரண்டாம் பதிப்பு வெற்றியோடு ஏறிற்று. எண்ணூர்க் கரையில் நின்றாலே அவ்வேவுகணைகளின் புகைக்கோடு வடவானில் தெரியும்.

எண்ணூருக்கோ கேள்விப் பஞ்சமில்லை. 1970 முதல் 2017 வரை அங்கே ஓர் அனல்மின் நிலையம் கரியெரித்தது. அதற்கு வடக்கே பெரிய நிலையங்கள் பின்னர் எழுந்தன. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர்ப் புயல்மழையிலே அக்கழிமுகமெங்கும் எண்ணெய் பரவியபோது, மீனவர் வாளியும் கையுமாக அதை அள்ளினர். தெற்கே இராயபுரத்திலோ, துறைமுகத்து நிலக்கரித்தூள் வீடுகளில் படிகிறதென்ற வழக்கு நெடுநாள் நடந்து, நீதிமன்ற ஆணையால் 2011இல் அங்கே கரி இறக்குவது நின்றது.

அந்தத் தூளை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டுமா? வேண்டாம் என்று காட்ட இவ்வாண்டு மாணவியர் இருவர் கிளம்பியிருக்கிறார்கள். வெள்ளை அட்டையிலே வாசலின் தடவி, மாடியிலே ஒருநாள் வைத்தெடுத்து, உருப்பெருக்காடியால் ஒரு சதுர அங்குலத்திலுள்ள கரும்புள்ளிகளை எண்ணுகிறார்கள். எண்ணூரிலே நான்கு அட்டை, திருவொற்றியூரிலே நான்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொலைவிலே மாதவரத்தில் இரண்டு. மழை பெய்த நாளில் அட்டை வெளுத்துப் போகிறது. அந்நாளைக் கணக்கில் சேர்ப்பதா, தனியே குறிப்பதா என்று இருவரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.