திரும்பி வரும் வாசல்

தமிழ் நாடகமும் திரைப்படமும் வளர்ந்த வரலாற்றைப் பேசும்போது நாம் மேடையை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட், எந்தப் படம் எத்தனை வாரம் ஓடியது என்பவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த நடிகனை மேடைக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருந்த தாயையும், எழுத்தை நம்பிச் சென்ற மகனுக்காகக் காத்திருந்த வீட்டையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காவிரியின் தென்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளியும், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கமும் கலை உலகிற்குக் கொடுத்த பிள்ளைகள் பலர். அவர்களுள் சிலரின் இளமையை, அவர்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பாய்ஸ் கம்பெனிகள்

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் நாடகத்தைத் தாங்கி நின்றவை 'பாய்ஸ் கம்பெனி' என்று வழங்கிய பாலர் நாடக சபைகள். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவற்றுள் புகழ் பெற்றது. பெரியவர்கள் நடித்த சபைகளில் கட்டுப்பாடு குலைந்ததைக் கண்டு, பழக்கினால் படியக்கூடிய சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தலாம் என்று அக்காலத்து ஆசிரியர்கள் எண்ணினர். பெண் வேடங்களையும் சிறுவர்களே தாங்கினர்.

கம்பெனி வீடே அச்சிறுவர்களின் வீடு. ஊர் ஊராகச் செல்லும் சபையோடு அந்த வீடும் இடம் மாறிற்று. பாடமும் பாட்டும் வாத்தியாரிடம். உணவும் உறைவிடமும் முதலாளியின் பொறுப்பு. இரவு நெடுநேரம் நாடகம், பகலில் ஒத்திகை என்று நாள்கள் கழிந்தன. பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலோர்க்கு அத்தோடு முடிந்தது. வயது ஏறும்போது குரல் உடையும் பருவத்தை 'மகரக்கட்டு' என்பார்கள். குரலை நம்பி வாழ்ந்த சிறுவனுக்கு அது பேரிடி. நேற்றுவரை கைதட்டல் பெற்றவன் இன்று பாட முடியாமல் நிற்பான். வேடம் இன்னொருவனுக்குப் போய்விடும். இயற்கை தரும் வளர்ச்சியே ஒரு பிள்ளைக்குத் தொழில் இழப்பாக முடிவதைவிடக் கொடிது என்ன இருக்க முடியும்?

இந்த வாழ்க்கைக்குள் பிள்ளைகள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? சிலரைப் பசி அனுப்பிற்று. காவிரி மேலும் கிழக்கே சென்று தொடும் கும்பகோணத்தில், கணவரை இழந்த சத்தியபாமா அம்மையார் தம் மக்கள் சக்கரபாணியையும் இராமச்சந்திரனையும் நாடகக் கம்பெனிக்கு அனுப்பியது வறுமையினால். அவ்விளையவரே பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். சிலர் குடும்பத்தோடு சென்றனர். டி.கே.எஸ். சகோதரர்களின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளை தாமே பெண் வேடம் புனைந்த நடிகர். அவருடைய பிள்ளைகள் சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் சேர்ந்தபோது பெற்றோரின் நிழல் அவர்கள் மேல் இருந்தது. சகோதரர்களுள் ஒருவரான அவ்வை சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்ற தம் நூலில் அந்நாள்களை நன்றியோடு நினைவு கூர்கிறார். சிறுவனான தமக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்ததையும் அவர் வியந்து கூறுகிறார். 1925-ல் அச்சகோதரர்கள் சொந்தமாகவே ஒரு சபையைத் தொடங்கினார்கள். அடுப்பும் அரங்கும் பிரியாதிருந்த குடும்பம் அது.

சங்கிலியாண்டபுரத்துச் சிறுவன்

திருச்சியின் கதை வேறு. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையிடமாகவும் பெரும் சந்திப்பாகவும் விளங்கிய ஊர் இது. திரைகளையும் உடைப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வரும் நாடகக் கம்பெனிகளுக்கு இது வசதியான ஊர். அப்படி வந்த கம்பெனி ஒன்றில், சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த கணேசன் என்ற சிறுவன் போய்ச் சேர்ந்தான். அவனுக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. தந்தை சின்னையா மன்றாயர் ரயில்வேயில் பணி புரிந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். தாயார் இராஜாமணி அம்மையார். கட்டபொம்மன் கூத்தைப் பார்த்ததிலிருந்து நடிக்க வேண்டும் என்ற ஆசை அவனைப் பற்றிக்கொண்டது. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில், தாய் தந்தை இல்லாதவன் என்று சொல்லியே தாம் சேர்ந்ததாகச் சிவாஜி கணேசன் பின்னாளில் தம் தன்வரலாற்றில் கூறுகிறார்.

இந்த ஒரு செய்தியிடம் நாம் சற்று நின்று செல்ல வேண்டும். பெற்றோர் உயிரோடிருக்க, தான் அனாதை என்று ஒரு சிறுவன் சொன்னால்தான் கலைக்குள் நுழைய முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. உடன் சென்றவர்களுக்கும் அவனை ஏற்றுக்கொண்டவர்களுக்கும் அது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. அவன் சீதையாக வேடம் தாங்கினான். கணவனைப் பிரிந்தவளின் துயரை மேடையில் அழுது காட்டினான். தன் தாயைப் பிரிந்த துயரை எங்கே அழுதானோ, நாம் அறியோம். பல ஆண்டுகள் அவன் வீடு திரும்பவில்லை.

1952 அக்டோபரில் 'பராசக்தி' வெளிவந்தது. அதன்பின் அவர் அடைந்த உயரத்தைத் தமிழுலகம் அறியும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. புகழ் வந்தபின் அவர் சென்னையில் அமைத்துக்கொண்ட இல்லத்தின் பெயர் 'அன்னை இல்லம்'. அங்கே உடன்பிறந்தோரின் குடும்பங்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார். 1961-ல் வந்த 'பாசமலர்' முதலாக, பிரிந்த குடும்பங்கள் கூடுவதும் கூட முடியாமல் தவிப்பதுமே அவர் படங்களின் பெரும் பொருளாயிற்று. தாய் இல்லை என்று சொல்லி வீட்டை விட்டுப் போனவர், வாழ்நாள் முழுவதும் அந்தச் சொல்லைத் திருத்திக்கொண்டே இருந்தார் என்று கருத இடமுண்டு.

ஒரு தந்தையின் இசைவு

இதே திருச்சியில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு சிறுவன் வளர்ந்தான். பொற்கொல்லர் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரியாரின் மகன் தியாகராஜன். 1910-ல் மாயவரத்தில் பிறந்தவன். பாட்டின் மேல் கொண்ட பித்தினால் அவனும் வீட்டை விட்டு ஓடினான். தொலைவிலுள்ள கடப்பையில் அவனைக் கண்டு தந்தை அழைத்து வந்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இழுத்து வந்த பிள்ளையை அடித்து அடக்காமல், அவன் பாடுவதற்கு அத்தந்தை வழி விட்டார்.

திருச்சியில் 1914-ல் ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர் எஃப்.ஜி. நடேச ஐயர். ரயில்வே அதிகாரியாக இருந்துகொண்டே நாடகத்தில் ஈடுபட்டவர். சிறுவனின் குரலைக் கேட்ட அவர், தந்தையை அணுகி இசைவு பெற்று, 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக அவனை நடிக்க வைத்தார். பின்னர் மதுரை பொன்னு ஐயங்காரிடம் சிறுவன் ஆண்டுக்கணக்கில் முறையாக இசை பயின்றான். எம்.கே. தியாகராஜ பாகவதர் என்று தமிழகம் கொண்டாடியவர் அவரே. 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தில், பெற்றோரை இகழ்ந்து பின் மனம் திரும்பும் மகனாக அவர் நடித்தார். அதே ஆண்டின் இறுதியில் கொலை வழக்கொன்றில் சிக்கிச் சிறை சென்று, 1947-ல் விடுதலையாகி, பழைய புகழ் மீளாமல் 1959-ல் மறைந்தார். வாழ்வு ஏறி இறங்கியது உண்மை. ஆயினும் தொடக்கத்தில் ஒருவர் தந்தையிடம் வந்து கேட்டார். தந்தை ஆம் என்றார். மேடைக்குப் போகும் பிள்ளை பொய் சொல்லிப் போக வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

ஸ்ரீரங்கத்து இரு ரங்கராஜன்கள்

நடிக்கச் சென்ற பிள்ளை வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. எழுத விரும்பிய பிள்ளைக்கோ வீடே முதல் களமாயிற்று. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த இரு ரங்கராஜன்களைப் பார்ப்போம்.

1931-ல் திருப்பராய்த்துறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த டி.எஸ். ரங்கராஜன், நண்பர்களோடு 'நேதாஜி' என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 1939 முதல் இயங்கிவந்த திருச்சி வானொலி நிலையத்திற்கு எழுதினார். முருகன் மேல் எழுதிய பாடலொன்றை அஞ்சலட்டையில் டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பி, அது பாடப்பட்டதே அவருக்குச் சென்னையின் கதவைத் திறந்தது. வாலி என்ற பெயரில் 1958-ல் முதல் திரைப்பாடல். ஆனால் 1963-ல் 'கற்பகம்' வரும்வரை நிலையான வருமானம் இல்லை. அறையில் உடனிருந்த நாகேஷும் அப்போது அவரைப் போலவே வாய்ப்புத் தேடியவர். எல்லாவற்றையும் விட்டு மதுரைக்கு வேலை தேடிப் போய்விட எண்ணிய வேளையில், 1962-ல் வந்த 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாடலொன்றைக் கேட்டு மனம் மாறியதாக வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். வாழ்வு காலூன்றிய பின்னரே, 1965-ல் அவர் மணம் புரிந்தார். எழுத்தாளனாகத் துடித்த இளைஞனின் வறுமையை ஒரு மனைவியும் மக்களும் பங்கிடவில்லை.

மற்றொருவர் எஸ். ரங்கராஜன். தந்தையின் அரசுப் பணி ஊர் ஊராக மாறியதால், பாட்டியின் பராமரிப்பில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்தார். அவருடைய முதல் கதை திருச்சியிலிருந்து வெளிவந்த 'சிவாஜி' இதழில் 1953-ல் அச்சேறியது. பின்னர் பொறியாளராகி, ஓய்வு பெறும்வரை அலுவலகப் பணியைக் கைவிடாமல் எழுதினார். பணியையும் பேனாவையும் அவர் எதிரெதிராக நிறுத்தவில்லை. ரங்கராஜன் என்ற பெயரில் முன்னரே வேறோர் எழுத்தாளர் இருந்ததால், தம் மனைவியின் பெயரையே புனைபெயராகக் கொண்டார். 'சுஜாதா' என்று நாம் அறிந்தது அப்பெயரே. ஸ்ரீரங்கத்துக் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பாட்டியின் வீடு, தமிழ்ச் சிறுகதைக்குக் கிடைத்த செல்வமன்றோ!

மேடையும் நம் இல்லங்களும்

நாடகக் கம்பெனிகளின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. நம் முன்னோர் அம்மானையாகப் பாடிக் கேட்ட ஞானசௌந்தரியின் கதை கம்பெனிகளின் மேடையிலும் இடம் பெற்றது. 1948-ல் திரைப்படமாகவும் வந்தது. நவாப் இராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை 'இயேசுநாதர்' நாடகத்தை நடத்தியது. வஞ்சனையால் வீட்டினின்றும் துரத்தப்பட்டுக் காட்டில் அலைந்த ஞானசௌந்தரிக்காகக் கண்ணீர் விட்ட நம் பாட்டனாரும் பாட்டியாரும், அந்த வேடத்துக்குள்ளிருந்த சிறுவன் எந்த வீட்டை விட்டு வந்தவன் என்று கேட்டிருப்பார்களா? நமக்கும் அக்கேள்வி தோன்றுவதில்லை.

இன்று கம்பெனி வீடுகள் இல்லை. தொலைக்காட்சிப் போட்டிகள் வந்துள்ளன. நம் பங்கின் பாடற்குழுவில் நன்றாகப் பாடும் சிறுமியை எந்த மேடைக்கு அனுப்பலாம் என்று யோசிக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவது தடுக்கப்பட்டது. ஆயினும் படிப்புக் கெடாமல் திரையிலும் தொலைக்காட்சியிலும் நடிக்க இடம் தரப்பட்டது. 2017-ன் விதிகள் சில வரம்புகளை வகுத்தன. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாள்களுக்கு மேல் கூடாது. வருவாயில் 20 விழுக்காடேனும் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாக இருக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதுவும் செய்யக் கூடாது. பாலர் சபைகளின் அனுபவத்தை அறிந்தவர்களுக்கு இவ்விதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சிறுவனின் முகம் தெரியும்.

ஆயினும் சட்டம் சொல்ல முடியாத ஒன்று உண்டு. நாம் கண்ட ஐந்து இளமைகளிலும் திறமை ஒன்றுபோலவே இருந்தது. வேறுபட்டது வீட்டோடு இருந்த உறவு. சண்முகத்துக்குப் பெற்றோர் கூடவே வந்தனர். தியாகராஜனைத் தந்தை தேடிச் சென்றார். ரங்கராஜன்கள் இருவருக்கும் தளராது நின்ற ஓர் ஊரும் உறவும் இருந்தன. கணேசனுக்கோ, வீட்டை மறைத்தால்தான் மேடை என்று ஆயிற்று. அவர் மாபெரும் கலைஞரானார் என்பதைக் காட்டி அந்த இழப்பை நியாயப்படுத்துவது தகாது. அவரோடு கம்பெனிகளில் சேர்ந்து, மகரக்கட்டு வந்து குரலிழந்து, பெயரின்றிப் போன சிறுவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு 'அன்னை இல்லம்' கட்டும் காலம் வரவேயில்லை.

ஆகவே பிள்ளையின் திறமையைக் கண்டு மகிழும் பெற்றோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. போட்டியில் தோற்ற நாளிலும், குரல் உடைந்த நாளிலும், இனிப் பாட விருப்பமில்லை என்று சொல்லும் நாளிலும், இந்தப் பிள்ளை தயங்காமல் திரும்பி வரக்கூடிய வாசல் நம் வீட்டில் திறந்திருக்கிறதா? அப்படித் திறந்திருக்கும் வீட்டிலிருந்து பிள்ளையை அச்சமின்றி மேடைக்கு அனுப்பலாம்.