பெயர் மாறாத பாகம்: பம்பாயின் சிறிய கார்களும் முன்சக்கர ஸ்ட்ரட்டின் வரலாறும்

2023 அக்டோபர் 30 அன்று மும்பைச் சாலைகளிலிருந்து பிரீமியர் பத்மினி டாக்சிகள் சட்டப்படி விடைபெற்றன. நகரில் ஒரு டாக்சியின் ஆயுள் 20 ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டிருந்தது. கடைசிப் பத்மினி டாக்சி தாட்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது 2003 அக்டோபர் 29 அன்று. அந்த நாளையொட்டி வெளிவந்த எழுத்துகளில் பெரும்பாலானவை கறுப்பு-மஞ்சள் வண்ணத்தையும் மேற்கூரைச் சுமைதாங்கியையும் திரைப்படக் காட்சிகளையும் நினைவுகூர்ந்தன. அதே நாளில் முடிவுக்கு வந்த வேறொன்று பேசப்படவில்லை. முன்சக்கரத்தை உடலோடு இணைக்கும் ஒரு பொறியமைப்பும், அதைப் பழுதுபார்க்கும் ஒரு முறையும், அம்முறையைச் சுற்றி வளர்ந்த தொழிலறிவும் நகரின் டாக்சித் தொழிலிலிருந்து அன்று விலகின. இந்தியக் கார்களின் வரலாறு பொதுவாக எஞ்சினையும் விலையையும் உரிமக் கொள்கையையும் வைத்தே எழுதப்படுகிறது. சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஓர் இரும்புக் குழாயை வைத்தும் அதை எழுத இயலும்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த அதிர்ச்சியை ஏற்பது சுருள்வில். அமுங்கிய வில் மீண்டும் விரியும், விரிந்தது மீண்டும் அமுங்கும். தடுப்பு எதுவும் இல்லையெனில் வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே செல்லும். அந்த ஆட்டத்தைத் தணிப்பது எண்ணெய் நிரம்பிய குழாய். அதனுள் ஓடும் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ள, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. எனவே 'ஷாக் அப்சார்பர்' என்னும் பெயரே ஒரு வகையில் பிழையானது. அதிர்ச்சியை ஏற்பது வில். குழாய் செய்வது தணிப்பு. தமிழில் 'தணிப்பான்' என்பது பொருத்தமான சொல். ஆனால் பட்டறையில் அது 'ஷாக்' என்றே வழங்குகிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி பின்னர் மேலும் விரிந்ததே இவ்வரலாற்றின் மையம்.

வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் ஆலை குர்லாவில் அமைந்தது. தாராவிக்கும் செம்பூருக்கும் இடைப்பட்ட பகுதி அது. தொடக்கத்தில் கிரைஸ்லர் நிறுவனத்தின் உரிமத்தில் அமெரிக்கக் கார்கள் அங்கே பூட்டப்பட்டன. 1950-களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபியட்டோடு உடன்பாடு ஏற்பட்டது. 1954 முதல் ஃபியட் 1100 வரிசையும், 1964 முதல் '1100 டிலைட்' மாதிரியும் குர்லாவிலிருந்து வெளிவந்தன. 1970-களில் அந்த மாதிரி முதலில் 'பிரீமியர் பிரெசிடென்ட்' எனவும் பிறகு 'பிரீமியர் பத்மினி' எனவும் பெயர் மாறியது.

அதன் முன்சக்கர அமைப்பில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தனி வேலை இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்திருந்தன. சக்கரம் திரும்புவதற்குக் 'கிங் பின்' என்னும் செங்குத்து அச்சாணி இருந்தது. எடையைச் சுமக்கச் சுருள்வில் இருந்தது. ஆட்டத்தைத் தணிக்க ஷாக் இருந்தது. வேலைகள் பிரிந்திருந்ததால் பழுதும் பிரிந்தே வந்தது. கிங் பின் தேய்ந்தால் அதையும் அதன் புஷ்ஷையும் மாற்றினால் போதும். ஷாக் எண்ணெய் கசிந்தால், சுருள்வில்லை அமுக்கிக் கட்ட வேண்டிய தேவையின்றி ஷாக்கை மட்டும் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். சக்கரத்தின் சாய்வும் கோணமும் அதனால் கலைவதில்லை. இதற்கு ஈடாக அந்த அமைப்பு இடைவிடாத பராமரிப்பைக் கேட்டது. குறித்த இடைவெளியில் கிரீஸ் அடிக்காத கிங் பின் விரைவில் இறுகும் அல்லது தளரும். தெருவோரப் பட்டறைக்கு அன்றாட வருவாய் தந்தது இத்தகைய சிறு வேலைகளே.

இதே காலத்தில் வேறொரு சிந்தனை அமெரிக்காவில் உருப்பெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் 'செவர்லே கேடட்' என்னும் சிறிய, மலிவான காரை உருவாக்க முனைந்தது. அத்திட்டத்தின் தலைமைப் பொறியாளர் ஏர்ல் எஸ். மாக்ஃபர்சன். தணிப்பானையே ஒரு தூணாக வலுப்படுத்தி, அதன் மேல்முனையைக் காரின் உடலிலும் கீழ்முனையைச் சக்கரம் பொருந்தும் நக்கிளிலும் இறுக்கிவிட்டால், மேல்கை தேவையற்றுப் போகும். சுருள்வில்லையும் அத்தூணைச் சுற்றியே அமர்த்திவிடலாம். சக்கரம் திரும்பும்போது தூணும் திரும்பும். ஆகவே கிங் பின்னும் வேண்டியதில்லை. 1947-இல் கேடட் திட்டம் கைவிடப்பட்டது. மாக்ஃபர்சன் ஃபோர்டு நிறுவனத்துக்குச் சென்றார். 1950-இல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களின் வழியே அவருடைய ஸ்ட்ரட் பரவலாக அறியப்பட்டது. சக்கரத்தை ஒரு தூணில் வழிநடத்தும் எண்ணம் முற்றிலும் புதியதன்று. ஃபியட்டின் பொறியாளர் கைடோ ஃபோர்னாக்கா 1920-களிலேயே அதையொத்த வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

பம்பாயின் வரலாறு இங்கே ஒரு முரணைக் காட்டுகிறது. மாக்ஃபர்சன் பணியாற்றிய ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களுமே 1920-களின் பிற்பகுதி முதல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றுவந்தவை. ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை சிவ்ரியில் இருந்தது. உள்நாட்டிலேயே பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் தொடர இயலாது என்னும் கொள்கையை 1950-களின் தொடக்கத்தில் இந்திய அரசு வகுத்தது. இரு நிறுவனங்களும் வெளியேறின. ஸ்ட்ரட் உலகில் பரவத் தொடங்கிய அதே ஆண்டுகளில், அதைக் கொண்டுவந்திருக்கக்கூடிய இரு வழிகளும் பம்பாயில் அடைபட்டன.

இரண்டாவது முரண் ஃபியட்டைச் சார்ந்தது. 1969-இல் ஃபியட் நிறுவனம் 1100 வரிசைக்கு மாற்றாக 128 என்னும் காரை வெளியிட்டது. இரண்டு கார்களின் உருவாக்கத்துக்கும் பொறுப்பாக இருந்தவர் தாந்தே ஜகோசா என்னும் ஒரே பொறியாளர். 128-இல் எஞ்சின் குறுக்காகப் படுத்தது. முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. முன்புறம் மாக்ஃபர்சன் ஸ்ட்ரட் இடம்பெற்றது. இந்த மூன்றும் தற்செயலாகச் சேர்ந்தவை அல்ல. எஞ்சினும் கியர் பெட்டியும் குறுக்காக அமரும்போது இரு சக்கரங்களுக்கிடையே இடம் சுருங்கிவிடும். மேல்கை இல்லாத அமைப்பே அந்த இடத்தை மிச்சப்படுத்தும். சிறிய காரின் பொருளாதாரம் ஸ்ட்ரட்டைத் தேர்ந்தெடுத்தது எனலாம். ஆனால் தாயகத்தில் ஓய்வுபெற்ற 1100, குர்லாவில் புதிய பெயர்களோடு மேலும் மூன்று பதின்ம ஆண்டுகள் தொடர்ந்தது. போட்டியற்ற சந்தையில் காருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மாட்டுங்கா, செம்பூர் நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு தெரிவும் இல்லை.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 உரிமையாளரின் கைக்கு வந்தது. 796 கன செ.மீ. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின் குறுக்காக அமர்ந்திருந்தது, முன்சக்கர இழுவை, முன்புறம் ஸ்ட்ரட். அதன் விலையும் எரிபொருள் சிக்கனமும் பேசப்பட்ட அளவுக்கு ஸ்ட்ரட் பேசப்படவில்லை. பின்னர் வந்த மாருதி ஆம்னி, வேகன் ஆர், 1998-இன் ஹூண்டாய் சான்ட்ரோ ஆகியவையும் முன்புறத்தில் ஸ்ட்ரட் கொண்டவையே. பத்மினிக்குப் பதிலாக மும்பை டாக்சி நிலையங்களில் வந்து நின்றவை பெரும்பாலும் இத்தகைய கார்கள்தாம்.

பட்டறையில் என்ன மாறியது? ஸ்ட்ரட் காரில் தணிப்பான் தேய்ந்தால் அதைத் தனியே உருவ இயலாது. சக்கரத்தைக் கழற்றி, வண்டியைத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, பிரேக் குழாயைத் தூணிலிருந்து விடுவித்து, நக்கிளோடு இறுக்கிய போல்ட்டுகளை நீக்கி, பானட்டுக்குள் தெரியும் மேல் நட்டுகளை அவிழ்த்து, வில்லோடு கூடிய முழுத் தூணையும் வெளியே எடுக்க வேண்டும். அதன்பின் வில்லை அதற்குரிய கருவியால் இருபுறமும் சமமாக அமுக்கி, அது இருக்கையைவிட்டுத் தளர்ந்ததை உறுதிசெய்த பிறகே உச்சியிலுள்ள நடு நட்டைத் தொட வேண்டும். மேல் தாங்கியும் அதன் பேரிங்கும் தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுவது முறை. ஒரு பக்கம் மட்டும் புதியதைப் பூட்டினால் இருபுறத் தணிப்பும் வேறுபடும் என்பதால் இரண்டையும் ஒருசேர மாற்றுவர். இறுதியாக வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். தூணே சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிப்பதால், போல்ட் இறுகும் நிலை சற்றே மாறினாலும் டயர் ஒருபுறமாகத் தேயும்.

இதில் உயிருக்கு ஆபத்தான இடம் அந்த நடு நட்டு. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் விசை கேட்கும் வில்லை 150 மி.மீ. அமுக்கினால் அது 3,000 நியூட்டன் விசையோடு எதிர்த்து நிற்கும். ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் அது. அதில் தேங்கும் ஆற்றல் 225 ஜூல்; 23 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஈடு. அந்த ஆற்றல் நொடிக்கும் குறைவான நேரத்தில், குனிந்து நிற்பவரின் முகத்தை நோக்கி விடுபடக்கூடும். பத்மினியில் ஷாக்கின் நட்டு வில்லின் விசையைத் தாங்கி நிற்கவில்லை. ஸ்ட்ரட்டில் அந்த ஒற்றை நட்டே வில்லைச் சிறைவைத்திருக்கிறது.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. பழைய பாகமும் 'ஷாக்'. புதிய பாகமும் 'ஷாக்'. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரட்' என்பது கட்டுமானத் துறையின் சொல். சுமையைத் தாங்க ஊன்றப்படும் முட்டு என்பது அதன் பொருள். இது முட்டு, இதை எடுத்தால் மேலே இருப்பது சரியும் என்னும் எச்சரிக்கை அப்பெயருக்குள்ளேயே உண்டு. 'முட்டுக்கொடுத்தல்' என்பதை நன்கறிந்த தமிழில் அந்த எச்சரிக்கை எளிதில் விளங்கியிருக்கும். ஆனால் பாகம் வந்த வழியில் சொல் வரவில்லை. பழைய பெயரே புதிய பொருளின்மேல் ஒட்டிக்கொண்டது. பெயர் மாறாததால், வேலையும் மாறவில்லை என்னும் மயக்கம் உண்டாகிறது.

பன்மொழி நகரில் இம்மயக்கம் இரட்டிப்பாகிறது. தாராவியின் தமிழ்வழிப் பள்ளியில் பயிலும் சிறுவன் அறிவியல் பாடத்தில் 'சுருள்வில்' என்று படிக்கிறான். அவனே பட்டறையில் சேர்ந்தால் கேட்பது 'ஸ்பிரிங்'. லாரியின் அடுக்குப் பட்டைகளைக் குறிக்க இந்தியில் 'கமானி'. கமானி என்பதும் வில் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல்லின் வழித்தோன்றலே. ஒரே உவமை இரு மொழிகளில் வாழ்ந்தாலும், பள்ளியில் கற்ற விசைக்கும் பட்டறையில் தொடும் விசைக்கும் இடையே எந்தச் சொல்லும் பாலமாக அமைவதில்லை. உதவியாளனாகச் சேர்ந்து கண்டு கற்கும் தொழிலில், காணாத ஆபத்தைச் சொல்லால் மட்டுமே கற்பிக்க முடியும். சுருளில் தேங்கிய விசை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழைய பாகங்களின் சந்தையிலும் இதே வேறுபாடு உண்டு. குர்லாவின் சி.எஸ்.டி. சாலையும் சோர் பஜாரும் உடைத்த கார்களின் பாகங்களுக்குப் பெயர்பெற்றவை. கதவு, விளக்கு, கியர் பெட்டி ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தும் கையால் சுழற்றியும் ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். கிங் பின்னின் தேய்மானத்தை அளந்தே அறியலாம். தணிப்பானின் உள்ளே சீல் எவ்வளவு தேய்ந்துள்ளது, வால்வு எவ்வாறு இயங்குகிறது என்பவை வெளியே தெரிவதில்லை. தொடக்ககால ஸ்ட்ரட்டுகள் சிலவற்றைத் திறந்து உட்குழலை மட்டும் மாற்ற முடிந்தது. பின்னர் பற்றவைத்து மூடப்பட்டவை பெருகின. பழுதுபார்ப்பது என்பது மாற்றுவது என்றானது. பட்டறையின் உழைப்புக்குச் சென்ற பணத்தின் பெரும்பங்கு பாக உற்பத்தியாளருக்குச் சென்றது.

இதைக் கைத்திறனின் வீழ்ச்சி என்று மட்டும் வாசிப்பது பொருந்தாது. கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும் தொல்லையிலிருந்து ஓட்டுநரை ஸ்ட்ரட் விடுவித்தது, சிறிய காரில் கால் நீட்ட இடம் கொடுத்தது, விலையைக் குறைத்தது. மறைந்தது திறன் அன்று. திறன் இருக்கும் இடம் மாறியது. முன்பு அது அடிக்கடி செய்யும் சிறு திருத்தங்களில் இருந்தது. இப்போது அரிதாகச் செய்யும், தவறினால் ஊனமாக்கும் ஒரு வேலையில் இருக்கிறது. வில்லை அமுக்கும் நல்ல கருவியும் அலைன்மென்ட் எந்திரமும் வாங்க முதல் வேண்டும். அது இல்லாத பட்டறை அவ்வேலையை இழக்கிறது, அல்லது கருவியின்றிச் செய்யத் துணிகிறது. தொழில்நுட்ப மாற்றத்தின் செலவு யார்மேல் விழுந்தது என்னும் கேள்விக்கு விற்பனைப் புள்ளிவிவரங்களில் விடை கிடைக்காது.

குர்லா ஆலை இயங்கிய நிலத்தில் இன்று கட்டடங்கள் எழுந்துள்ளன. சில பத்மினிகள் சேகரிப்பாளர்களிடம் எஞ்சும்; அவற்றின் கிங் பின்னுக்கு எங்கே, எத்தனை நாளுக்கொருமுறை கிரீஸ் அடிப்பது என்பது கையேடுகளில் இருக்கும். ஆனால் 1980-களில் முதன்முறையாக ஒரு மாருதியின் தூணைக் கழற்றியவர்கள் அதை எப்படிக் கற்றனர், எந்தச் சொற்களில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தனர் என்பது கையேடுகளில் இல்லை. அதை அறிந்தவர்கள் இப்போது அறுபதைக் கடந்திருப்பார்கள். வாய்மொழி வரலாறு எழுத முனையும் மாணவர்கள் மாட்டுங்காவின் சங்கங்களோடும் தாராவியின் தோல் தொழிலோடும் நின்றுவிடாமல், இடைப்பட்ட சாலைகளின் பட்டறைகளுக்கும் செல்ல வேண்டும். அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: இந்த நடு நட்டை எப்போது அவிழ்க்கக் கூடாது என்று உங்களுக்குச் சொன்னவர் யார், என்ன சொல்லிச் சொன்னார்?