யாரைக் கேட்பது? பகாங் தங்கச் சுரங்கமும் கேமரன் மலை லயங்களும்

சுரங்க நிறுவனங்கள் ஊராரைக் கேட்பதில்லை என்பது வழக்கமான புகார். மலேசியாவின் பகாங் மாநில அனுபவம் அதைவிடச் சிக்கலானது. யாரை, எப்போது கேட்க வேண்டும் என்பதைச் சட்டமே குறுக்கிவிட்டால், ஒரு விதியையும் மீறாமல் ஊரை ஒதுக்கிவிடலாம்.

ரவூப் அருகே புக்கிட் கோமான் வட்டாரத்தில் தங்கச் சுரங்கத் தொழில் 1889-இல் காலூன்றி, 1961-இல் நின்றது. பழைய சுரங்கக் கழிவிலிருந்து சயனைடு கொண்டு தங்கம் பிரிக்கும் ஆலைக்கான முதல்நிலைச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைச் சுற்றுச்சூழல் துறை 1997 ஜனவரியில் ஏற்றது. அன்றைய நடைமுறையில் விரிவான மதிப்பீட்டை மட்டுமே மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். முதல்நிலை அறிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விரிவான மதிப்பீடு வேண்டுமென்று ஊரார் 2008-இல் வழக்குத் தொடுத்தபோது, வழக்குத் தொடுப்பதற்கான 40 நாள் கெடு குறுக்கே நின்றது. கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் பயனில்லை. கண்ணில் காட்டாத அறிக்கைக்கு நாள் கணக்கு மட்டும் கறாராக ஓடியிருக்கிறது!

2009-இல் ஆலை இயங்கத் தொடங்கியது. நெடி, கண்ணெரிச்சல், தோல் அரிப்பு என்று மக்கள் முறையிட்டார்கள். ஆலையால் தீங்கில்லை என்றது நிறுவனம். அந்த முறையீடுகளை வெளியிட்ட மலேசியாகினி செய்தித் தளத்தின் மீது அவதூறு வழக்குப் பாய்ந்தது. 2 லட்சம் ரிங்கிட் இழப்பீடு தரவேண்டும் என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. கேட்கப்படாத ஊர் தானாக வாய் திறந்தாலும், அதை அச்சேற்றுபவருக்குச் செலவு உண்டு.

இத்தனைக்கும் புக்கிட் கோமான் மக்களுக்குச் சொந்த வீடும் போராட்டக் குழுவும் இருந்தன. அதே மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழருக்கு அதுவும் இல்லை. 1929-இல் போ தோட்டம் தொடங்கியது முதல் தலைமுறைகள் கழிந்தும், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு நிர்வாகத்தின் வீடுதான். வேலை முடிந்தால் சாவியைத் திருப்பித் தரவேண்டும். தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று சொல்கிறதே தவிர, அதில் குடியிருக்கும் உரிமையைத் தருவதில்லை. தொழிற்சங்கம் பேசுவதோ சம்பளம். பக்கத்து மலையைத் தோண்ட நாளை ஒருவர் வந்தால், நிலத்துக்கு உரியவர் என்று தோட்ட நிர்வாகத்தோடு பேசிவிட்டுப் போகலாம். செமாய் பூர்வக்குடியினருக்காவது அடோங் வழக்கு (1996) முதல் நீதிமன்றங்கள் ஏற்றுவரும் மரபுநில உரிமை என்ற பிடி இருக்கிறது. இன்று கொழுந்து எடுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு வாய் திறக்கவே வழியில்லை.

குடியிருப்பவரோடு முன்கூட்டிப் பேசாமல் விடுவது வெறும் ஊகமன்று. 2013 அக்டோபர் 23 நள்ளிரவில் கேமரன் மலையின் ரிங்லெட் அணை திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. அபாயச் சங்கு ஒலித்ததா, போதிய நேரம் தந்ததா என்ற வாதம் பிறகுதான் எழுந்தது. சுரங்கமன்று, அணைதான்; ஆனாலும் ஆபத்தின் கீழே குடியிருப்பவரோடு முன்கூட்டிப் பேசுவது யார் பொறுப்பு என்ற கேள்வி ஒன்றே.

மதுரை அரிட்டாப்பட்டியில் நடந்தது இதற்கு மறுதலை. 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் ஏலமெடுத்த டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை, ஊரார் எதிர்ப்புக்குப் பின் மத்திய அரசு 2025 ஜனவரி 23-இல் கைவிட்டது. அங்கும் யாரும் முன்னதாகக் கேட்கவில்லை. ஆனால் காலூன்றி நிற்கச் சொந்த வயலும், தீர்மானம் போடக் கிராம சபையும் இருந்தன. தோட்டத்தில் இரண்டும் கிடையாது.

ஆகவே நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பிப் பயனில்லை, மாறவேண்டியது சட்டம். கருத்துச் சொல்லும் உரிமை பட்டாவைப் பார்த்து வராமல், குடியிருப்பைப் பார்த்து வரவேண்டும். வழக்குக் கெடுவை ஊருக்குத் தகவல் எட்டிய நாளிலிருந்து எண்ணவேண்டும். மதிப்பீட்டுச் சுருக்கம் தமிழிலும் லயத்து வாசலுக்கு வரவேண்டும்.