தொழில்முறை போக்கர்

தொழில்முறை போக்கர் என்பது போக்கர் எனப்படும் சீட்டாட்டத்தில் கிடைக்கும் வருமானத்தையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டு ஆடுவதைக் குறிக்கும். காசினோவின் பெரும்பாலான ஆட்டங்களில் ஆடுபவர் காசினோவை எதிர்த்தே ஆடுகின்றார். போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுவதால், பிறரைவிடத் திறமையான ஒருவர் நீண்டகால நோக்கில் இலாபம் ஈட்ட இயலும். அவ்வாறு ஈட்டுவோரின் வரவு செலவு, தொலைக்காட்சியில் காட்டப்படும் பரிசுத் தொகைகளிலிருந்து பெரிதும் வேறுபட்டது. இக்கட்டுரை முதன்மையாக ஐக்கிய அமெரிக்க நிலைமையை விளக்குகின்றது.

ரேக்

ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பந்தயத் தொகையிலிருந்து காசினோ எடுத்துக்கொள்ளும் பங்கு ரேக் எனப்படும். ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் மணிக்கு 30 ஆட்டங்கள் நடந்து, ஒவ்வொன்றிலும் சராசரியாக 4 டாலர் எடுக்கப்படுவதாகக் கொள்வோம். மணிக்கு 120 டாலர் மேசையை விட்டு வெளியேறுகின்றது. தலைக்கு ஏறத்தாழ 13 டாலர். ஒன்பது பேரும் சம திறமை உடையவர்கள் எனில் நாளடைவில் ஒன்பது பேருமே நட்டமடைவர். சீட்டுப் பகிர்பவருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு இதில் சேரவில்லை.

வருமானமும் ஏற்ற இறக்கமும்

ஆட்டத்தின் தொடக்கத்தில் கட்டாயமாக வைக்கப்படும் பந்தயங்களில் பெரியது பிக் பிளைண்ட் ஆகும். 100 ஆட்டங்களுக்கு எத்தனை பிக் பிளைண்ட் இலாபம் என்பதே திறமையின் வழக்கமான அளவு. 2-5 டாலர் மேசையில் ஒருவர் 100 ஆட்டங்களுக்கு 10 பிக் பிளைண்ட், அதாவது 50 டாலர் ஈட்டுகின்றார் எனக் கொள்வோம். மணிக்கு 30 ஆட்டங்கள் எனில் இது மணிக்கு 15 டாலர். ஆண்டுக்கு 1,500 மணிநேரம் ஆடினால் 22,500 டாலர்.

இத்தொகை சராசரி மட்டுமே. எல்லையற்ற பந்தய ஹோல்டெம் ஆட்டத்தில் 100 ஆட்டங்களுக்கான நியமவிலகல் 90 பிக் பிளைண்ட் அளவில் அமைவதுண்டு. இதன்படி 10,000 ஆட்டங்களில் எதிர்பார்க்கும் இலாபம் 1,000 பிக் பிளைண்ட், நியமவிலகலோ 900. அதாவது, நன்கு ஆடியும் அத்தனை ஆட்டங்களின் முடிவில் நட்டத்தில் நிற்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 13 விழுக்காடு. நேரடி மேசையில் 10,000 ஆட்டங்கள் ஆட 333 மணிநேரம், அதாவது இரண்டு மாத முழுநேர உழைப்பு தேவை. இரண்டு மாதம் உழைத்து நட்டமடைந்த ஒருவர், தாம் திறமை குன்றியவரா அல்லது வாய்ப்புக் கெட்டவரா என்பதைத் தம் கணக்கேட்டை மட்டும் கொண்டு அறிய முடியாது. இத்தொழிலின் மிகக் கடினமான கூறு இதுவே எனலாம்.

ஆட்ட முதல்

ஆடுவதற்கென ஒதுக்கப்பட்ட பணம் வீட்டுப் பணத்திலிருந்து தனியே வைக்கப்படுகின்றது. 100 பிக் பிளைண்ட் கொண்ட நுழைவுத் தொகையைப் போல 20 முதல் 40 மடங்கு வைத்திருப்பது பொதுவான வழக்கம். மேற்கண்ட மேசையில் 30 மடங்கு என்பது 15,000 டாலர். பொழுதுபோக்காக ஆடுபவரின் முதல் வெற்றியால் வளரும்; தொழிலாக ஆடுபவரோ வாடகையையும் மளிகைச் செலவையும் மருத்துவக் காப்பீட்டையும் மாதந்தோறும் அதிலிருந்தே எடுக்கின்றார். முதல் சுருங்கினால் சிறிய மேசைக்கு இறங்க வேண்டும். அங்கே வருமானம் குறையும், வாடகை குறையாது.

தொடர்போட்டிகளும் பங்குதாரர்களும்

2003 ஆம் ஆண்டு போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் கணக்காளரான கிறிஸ் மணிமேக்கர், இணையத் தகுதிச் சுற்றொன்றின் வழியாக நுழைந்து 25 இலட்சம் டாலர் வென்றார். 839 பேர் பங்கேற்ற அப்போட்டி 2006 இல் 8,773 பேரை ஈர்த்தது.

வெளியிடப்படும் வெற்றித் தொகைப் பட்டியல்களில் நுழைவுக் கட்டணங்கள் கழிக்கப்படுவதில்லை. தலா 1,000 டாலர் கட்டணத்தில் 100 போட்டிகள் ஆடி 1,10,000 டாலர் பெற்றவரின் உண்மை இலாபம் 10,000 டாலரே. பயணச் செலவும் தங்கும் செலவும் அதிலிருந்தே போகவேண்டும். பெரும்பாலான போட்டிகளில் ஏழு அல்லது எட்டுப் பேரில் ஒருவருக்கே ஏதேனும் கிடைக்கின்றது.

ஆகவே பலர் பங்குதாரரின் பணத்தில் ஆடுகின்றனர். முன்னர் ஏற்பட்ட நட்டம் மேக்-அப் என்ற பெயரில் ஆட்டக்காரரின் கணக்கில் நிற்கும். 60,000 டாலர் மேக்-அப் உள்ளவர் 1,00,000 டாலர் வென்றால், பங்குதாரர் முதலில் 60,000 எடுப்பார். எஞ்சிய 40,000 சரிபாதியாகப் பிரிந்தால் வென்றவர் கைக்கு வருவது 20,000. முதன்மைப் போட்டியை 1980, 1981, 1997 ஆகிய ஆண்டுகளில் வென்ற இசுட்டூ அங்கர், 1997 இல் கிடைத்த 10 இலட்சம் டாலரைத் தமக்குக் கட்டணம் செலுத்திய பில்லி பாக்சுடருடன் பகிர்ந்துகொண்டார். 1998 நவம்பரில் லாஸ் வேகஸ் விடுதி ஒன்றில் அவர் இறந்தபோது அவரிடம் பணம் ஏதும் பெரிதாக இருக்கவில்லை.

வரி

முழுநேரமாகப் பந்தயம் கட்டுபவரின் செயல் ஒரு தொழிலே என்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987 இல் குரோட்சிங்கர் வழக்கில் தீர்ப்பளித்தது. நட்டத்தை வெற்றித் தொகையின் அளவுவரை கழித்துக்கொள்ளலாம் என்பதே நீண்டகால விதி. 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டம், 2026 வரியாண்டு முதல் நட்டத்தில் 90 விழுக்காட்டையே கழிக்கலாம் என மாற்றியது. 3,00,000 டாலர் வென்று 2,80,000 டாலர் இழந்தவரின் இலாபம் 20,000. இவ்விதிப்படி வரிக்குரிய தொகை 48,000. ஐக்கிய இராச்சியத்தில் ஆட்டக்காரரின் வெற்றித் தொகைக்கு வரி இல்லை. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகத்தில் இயற்றப்பட்ட சட்டம் தடை செய்தது.

பணத்தின் பாதுகாப்பு

2011 ஏப்ரல் 15 அன்று போக்கர் இசுட்டார்சு, ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகிய இணையத்தளங்களின் நிறுவனர்கள் மீதான குற்றச்சாட்டுகளை ஐக்கிய அமெரிக்க அரசு வெளியிட்டது. ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலர். 2011 மார்ச்சு இறுதியில் வங்கியில் இருந்ததோ ஏறத்தாழ 6 கோடி டாலர் என அரசு தெரிவித்தது. 2012 இல் போக்கர் இசுட்டார்சு அரசுடன் 73.1 கோடி டாலர் உடன்படிக்கை செய்துகொண்டு ஃபுல் டில்ட்டின் சொத்துகளைப் பெற்றது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014 இல் தான். ஆட்ட முதல் முழுவதையும் அத்தளத்தில் வைத்திருந்தவர்கள் அதுவரை சேமிப்பை மட்டுமன்றித் தொழிற்கருவியையும் இழந்திருந்தனர்.